விருந்தாளி பார்த்த சந்து

மலை மேலிருக்கும் தானா ராத்தாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிற சாலையோரம் பத்துப் பன்னிரண்டு கடைகள் ஒரே வரிசையாக நிற்கும். அவ்வளவுதான் ஊர். இருந்தாலும் தோட்டத்து ஜனங்களுக்கு அதுதான் டவுன். ஒரு மளிகைக் கடை, ஒரு முடிவெட்டும் கடை, உமர் பாயின் சாப்பாட்டுக் கடை, மழைக்கு ஒழுகுகிற பஸ் ஸ்டாப்பு, இத்தனையும் இருந்தால் அதை டவுன் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? கோலாலம்பூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் அதற்கு 'நகர மையம்' என்று பெயர் வைத்தபோது வேலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. பெயர் வைக்கிறவர்கள் பெயரோடு விட்டுவிட்டுப் போவதில்லை என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

அவள் பிழைப்பு டவுனின் முகத்தில் நடக்கவில்லை, முதுகில் நடந்தது. கடை வரிசைக்குப் பின்னால், ஒரு லோரி மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஒரு பக்கம் கடைகளின் அடுப்படிகள், மறுபக்கம் தேயிலைச் சரிவு. அந்தச் சரிவில் மண்ணை வெட்டிப் பலகை அடித்துத் தோட்டத்து ஆட்களே போட்டுக்கொண்ட படிகள், லயத்து வீடுகளிலிருந்து நேரே சந்துக்குள் வந்து இறங்கும். படி முடிகிற இடத்தில், உமர் கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே, சாக்கை விரித்து வேலம்மா உட்கார்ந்திருப்பாள்.

முழங்கால் கெட்டுப்போய்த் தேயிலை வேலை நின்ற பிறகு அவளாகக் கண்டுபிடித்த தொழில் அது. விடியுமுன் வீரப்பனின் லோரி கோலா தெர்லாவிலும் திரிங்காப்பிலும் காய் ஏற்றிக்கொண்டு வந்து சந்தில் நிற்கும். கடைகளுக்கு வேண்டியதை இறக்கிவிட்டு, கீழ் நாட்டுச் சந்தைக்கு லாயக்கில்லை என்று கழித்துப் போட்ட காயை வேலம்மாவுக்குத் தள்ளுவான். வெடித்த முட்டைக்கோஸ், அவர்கள் வாயில் கோபிஸ், இரண்டு கால் முளைத்த கேரட், முதுகு கூனிய வெள்ளரி. டூரிஸ்ட்டுகள் அதைத் தொடமாட்டார்கள். தேயிலை பறித்துவிட்டு இறங்கி வருகிற பெண்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கொதிக்கிற குழம்பில் கூனும் தெரியாது, வெடிப்பும் தெரியாது.

படிதான் அவள் கடைக்கு வாசல். டவுனின் முன்பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். வேறு எங்கே உட்கார்ந்தாலும் சாலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், நாளெல்லாம் சரிவில் நின்ற கால்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அந்த இடம் போனால் தன் பிழைப்பும் போனது என்பது வேலம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் டவுனை மாற்றியமைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அழைக்காமலே கூட்டத்துக்குப் போய் நின்றாள்.

கூட்டம் உமர் கடையில்தான் நடந்தது. கம்பெனியின் பெரியவர் மேசை மேல் ஒரு படத்தை விரித்து மலாயில் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். புரிந்து ஆட்டவில்லை, ஆற்றிய டீ, தே தாரேக், அவர் செலவில் வந்திருந்தது. வேலம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சார், கோடு போடறதுக்கு முன்னாடி இங்க வந்து குடியிருந்து பாருங்கலா! கோலாலம்பூர்ல ஏர்கோன் போட்டுக் குந்திக்கிட்டு எங்க ஊருக்குக் கோடு போட்டா எப்படி? மழையில நனைங்க, குளுர்ல நடுங்குங்க, அப்புறமா போடுங்க."

கடையே கைதட்டியது. உமர் அதைக் காரத்தைக் குறைத்து மலாயில் எடுத்துச் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரிக்கவில்லை. பெயர் நஜிஹா. ஈப்போக்காரி, தமிழ் பேசுகிற முஸ்லிம் வீட்டுப் பெண். அந்தப் படத்தை வரைந்தவளே அவள்தான். கூட்டம் முடிந்ததும் நேராக வேலம்மாவிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சொன்னது ரொம்பச் சரி. படிக்கிறப்ப எங்களுக்கு இத யாருமே சொல்லித் தரல."

அடுத்த மாதம் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். மூன்று மாதம் இங்கேயே தங்கி, கண்ணால் பார்த்து, அதற்குப் பிறகுதான் படத்தை முடிப்பாளாம். வேலம்மா ஒரு வார்த்தை சொன்னதற்கு ஆபீசரே குடிவந்துவிட்டாள் என்று தோட்டம் பூராவும் இதே பேச்சு. வேலம்மாவும் இரண்டு நாள் தலை கால் புரியாமல்தான் திரிந்தாள். யாருக்குத்தான் பெருமை இருக்காது?

உமர் தன் கடையின் மாடியில் இருந்த நல்ல அறையை ஒழித்துக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்கத் தேயிலை தெரிகிற அறை. ஜன்னலுக்கு நேர் கீழே சந்து.

முதல் நாள் விடியுமுன் வழக்கம்போல வீரப்பன் லோரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வந்தான். வழக்கம்போல நாய்கள் குரைத்தன. காஸ் தோங்குகள், அந்த இரும்பு சிலிண்டர்கள், தரையில் உருண்டன. வேலம்மா வழக்கம்போலத் தொண்டையைத் திறந்தாள். அவள் குரல் லேசுப்பட்டதல்ல, படியின் உச்சியில் நிற்கிற தேயிலைக்காரி மணியம்மாவுக்குக் கேட்க வேண்டிய குரல். காலையில் நஜிஹா கண் சிவந்து கீழே வந்தாள்.

"தூக்கம் இல்லியா மா?" என்றாள் உமரின் மனைவி தாஹிரா, பதறிப்போய்.

"பரவால்ல ஆன்ட்டி. லோரி டெய்லி வருமா?"

அந்த இடத்தில் 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தாஹிராவுக்கு வரவில்லை. விருந்தாளி 'பரவாயில்லை' என்று சொன்னால் நம் வீட்டில் என்னவோ பெரிய குறை இருக்கிறது என்றுதான் நமக்கு அர்த்தம். தாஹிரா சொன்னாள், "இல்லமா, என்னைக்காச்சும் ஒரு நாள் வரும். இனிமே வராது, நீ நிம்மதியா தூங்கு."

சொன்ன பிறகு அதை உண்மையாக்க வேண்டுமே. அன்று மத்தியானம் உமர், தாஹிரா, வேலம்மா மூன்று பேரும் அடுப்படியில் கூடிப் பேசினார்கள். உமர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு எதையோ மென்று முழுங்கினார். எதைக் கேட்கத் தயங்குகிறார் என்று வேலம்மாவுக்கே புரிந்துவிட்டது.

"பாய், நான் கொஞ்ச நாளைக்கு மேல் வளைவுக்குப் போயிக்கிறேன். நான்தான கூப்ட்டேன் அந்தப் பொண்ண? எஞ் சத்தத்துல அது தூங்காம கெடந்தா எனக்கு நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் வேலம்மாக்கா," என்றாள் தாஹிரா.

"மூணு மாசம்தானலா! கண்ண மூடித் தொறந்தா போயிரும்."

உமர் இன்னொரு நியாயமும் சொன்னார். "ஊரு சுத்தமா, அழகா இருந்துச்சுன்னு வையுங்க, அந்தப் பொண்ணுக்கு இதைக் கலைக்க மனசு வராது. அசிங்கமா இருந்தாதான் இடிச்சிட்டுக் கட்டணும்னு தோணும்."

அது மூன்று பேருக்கும் சரியாகத்தான் பட்டது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கொடியில் கிடக்கிற பழைய துணியை வாரி உள்ளே போட்டு, வாசலைக் கழுவிக் கோலம் போடுகிற வழக்கத்திலேயே வளர்ந்தவர்கள். பார்க்க வந்தவளுக்கு உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து வீரப்பன் மேல் வளைவில் லோரியை நிறுத்தினான். தேயிலை பேக்டரிக்கு ஏறுகிற சாலையின் திருப்பம் அது. காற்று பிய்த்துக்கொண்டு போகும். கடைக்காரர்கள் காய்க்கூடைகளை அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வைத்து முன்வாசல் வழியாகக் கொண்டு போனார்கள். காஸ் தோங்குகளை உமர் உருட்டாமல் தோளில் தூக்கிவந்து, இடுப்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நடமாடினார். தாஹிரா பெரிய சட்டிகளைச் சந்தில் போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அடுப்படி மூலையிலேயே குனிந்து தேய்த்தாள். மற்ற கடைக்காரர்களும் மறுக்கவில்லை. ஊருக்கு வந்த விருந்தாளி ஒரு கடைக்கு மட்டுமா விருந்தாளி?

தோட்டத்துப் பெண்களிடம் வேலம்மாவே போய்ச் சொன்னாள். "ஏய், படியில எறங்குனா சத்தம் போடாம எறங்குங்கடி. இல்லன்னா ரோட்டால சுத்தி வளைவுக்கு வாங்க."

"சத்தம் போடாம எறங்க நாங்க என்ன பூனையா?" என்றாள் மணியம்மா. இருந்தும் வேலம்மா முகத்துக்காகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் அல்ல. முடிந்தவர்கள், முடிந்த நாட்களில். மழை நாளில் ஒருவரும் வரமாட்டார்கள். வேலம்மா கென்வாஸ் படுதாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி, விற்காத கோபிஸுக்குக் காவல் இருந்துவிட்டு, விண்விண்ணென்று தெறிக்கிற முழங்காலோடு லயத்துக்குத் திரும்புவாள். சந்து மட்டும் பெருக்கிக் கழுவி, ஈ காக்கை இல்லாமல், படம் பிடித்து மாட்டுகிற மாதிரி கிடந்தது.

நஜிஹா கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம். தங்கமான பெண். தாஹிராவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். சாயங்காலம் ஆனால் வளைவுக்கு வந்து, வேலம்மாவின் கென்வாஸுக்குள் தலையை நுழைத்து அவித்த சோளம் தின்பாள்.

"ஆன்ட்டி, இந்த மழையில ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? வேற எடம் இல்லியா?"

"இங்கதான் காத்தாட இருக்கும் மா."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'நீ தூங்குகிற ஜன்னலுக்குக் கீழேதான் என் இடம், உனக்காகத்தான் இங்கே வந்து நனைகிறேன்' என்று ஒருத்தியின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சொன்னால் செய்ததைச் சொல்லிக்காட்டிய மாதிரி ஆகாதா? அந்தப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு எங்காவது போய்விட்டால்? வேலம்மா சோளக் கதிரை அவள் பக்கம் நகர்த்தி, "இதையும் சாப்புடு, எளைச்சுப் போயிட்ட" என்றாள்.

மூன்று மாதம் முடிந்தது. நஜிஹா கிளம்பிய அன்று தாஹிரா அழுதாள். இரண்டு டப்பா நிறைய சம்பால் கட்டிக் கொடுத்தாள். மறுநாள் விடியுமுன் லோரி சந்துக்குள் வந்தது, நாய்கள் குரைத்தன, வேலம்மா தகரச் சாய்ப்புக்குக் கீழே சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பார்க்க வந்தவள் இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் பார்த்துக்கொண்டு போவாள் என்பது அவர்களுக்கு எட்டவில்லை.

இரண்டாவது கூட்டம் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. இந்த முறை மேசை மேல் படம் இல்லை. சுவர் அகலத்துக்குத் திரை. நஜிஹா மைக்கைப் பிடித்து மலாயில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் பேசினாள். நல்லாத்தான் பேசினாள். டவுனின் முன்பக்கம் அப்படியே இருக்கும், ஒரு கடையையும் இடிக்கப் போவதில்லை என்றதும் மண்டபமே கைதட்டியது. உமர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தே தட்டினார்.

"முன்னாடி நான் போட்ட பிளான்ல பாதிக் கடைய எடுக்கச் சொல்லியிருந்தேன். இங்க வந்து வாழ்ந்து பாத்ததுக்கு அப்புறம்தான் அது எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சது. அதுக்கு வேலம்மா ஆன்ட்டிக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

எல்லோரும் திரும்பி வேலம்மாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த படம் திரையில் வந்தது. அது சந்து. யாருமே இல்லாத சந்து.

"இதுதான் பின் லோரோங். டெய்லி காலையில ஜன்னலத் தொறந்து பாப்பேன். ஒரு ஆள் கெடையாது, ஒரு லோரி கெடையாது. இவ்வளவு அழகான எடம் செத்துப் போயி கெடக்கு. இதுக்கு உயிர் கொடுக்கப் போறோம்." அடுத்த படத்தில் தரை முழுக்கக் கல் பாவியிருந்தது. பூத்தொட்டிகள். தேயிலையைப் பார்த்தபடி கண்ணாடி போட்ட காப்பிக் கடை. சந்தின் இரண்டு முனையிலும் வண்டி நுழையாதபடி இரும்புக் கம்பங்கள். சரிவின் அடியில் ஓர் உயரமான வேலி. "பழைய மரப்படி ஒன்னு இருக்கு. யாரும் பொழங்கறதில்ல, பலகையெல்லாம் உளுத்துப் போச்சு. டூரிஸ்ட் ஏறுனா விழுந்துருவாங்க. அதனால அத எடுத்துருவோம்."

பிறகு நஜிஹா வேலம்மாவைப் பார்த்து முகமெல்லாம் மலர, திரையில் சாலைத் திருப்பத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது ஆன்ட்டியோட எடம். மேல் வளைவு. இதுல மட்டும் கை வைக்கவே கூடாதுன்னு நான் சண்டை போட்டு வாங்கியிருக்கேன்."

வேலம்மா எழுந்து நின்றாள். ஊரையே கூப்பிடுகிற அந்தக் குரல் எங்கே போனதோ.

"மா, அது எங்க எடம் இல்லமா. நாங்க அந்த லோரோங்லதான் இருக்கோம். அந்தப் படிகிட்ட. லோரி தெனம் வரும்மா. அந்தப் படியிலதான் எல்லாப் பொண்ணுங்களும் வரும். நீ தூங்கணும்னுதான் நாங்க எல்லாத்தையும் மேல கொண்டு போயிட்டோம்."

நஜிஹாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"ஆன்ட்டி, மொத நாளே நான் கேட்டேனே. லோரி டெய்லி வருமான்னு கேட்டேன். தாஹிரா ஆன்ட்டி வராதுன்னு சொன்னாங்க."

தாஹிரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ தூக்கம் கெட்டு வந்து நின்னியேமா. அத எப்படி நான்..."

உமர் எழுந்து மலாயில் நடந்ததையெல்லாம் சொன்னார். இந்தத் தடவை எதையும் குறைக்கவில்லை. பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தீர்த்திருக்கலாம். அவர் இரண்டு மூன்று கேள்விதான் கேட்டார். அந்த மூன்று மாதமும் காய் எங்கே இறங்கியது?

"மேல் வளைவுல," என்றார் உமர்.

கடைகள் மூடிக் கிடந்தனவா?

"இல்ல."

இந்த அம்மா காய் விற்றாரா இல்லையா?

"வித்தேன் சார். ஆனா அது..." வேலம்மாவுக்குத் தெரிந்த மலாய் சந்தைக்குப் போதும், வழக்குக்குப் போதாது. முழங்கால் வலியையும், வராமல் போன பெண்களையும், அழுகிப்போய்க் கொட்டிய கோபிஸையும், இதையெல்லாம் ஒருத்திக்காகச் செய்தோம், என்றைக்கும் செய்ய முடியாது என்பதையும் அந்தக் கொஞ்சம் மலாயில் எப்படிச் சொல்வது?

சந்து இல்லாமலே நீங்கள் சமாளித்துக் காட்டிவிட்டீர்களே, என்றார் பெரியவர். கேலியாகச் சொல்லவில்லை. பாராட்டுகிற மாதிரியே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நஜிஹா சும்மா இருந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூருக்குப் போனாள், மேலே இருக்கிறவர்களைப் பார்த்தாள், மறுபடி போனாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து, சந்தில் வேலம்மாவின் சாக்கிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். லோரி இறக்கிய கோபிஸ் மலைபோலக் கிடந்தது. படியில் பெண்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தார்கள். அதையெல்லாம் அவள் இப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்ணில் நீர் கோத்தது.

"மாத்த மாட்டேங்கறாங்க ஆன்ட்டி. நான் எழுதுனது தப்புன்னு நானே சொல்லிட்டேன். மத்த பிளான்னா கேள்வி கேப்போம், இது அங்கயே குடியிருந்து பாத்த ஆளு எழுதுனது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேக்கறாங்க. நீங்க சொன்னத சொன்னேன். அன்னைக்குப் பொய் சொன்னவங்க இன்னைக்கு நெசம் சொல்றாங்கன்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க."

"நாங்க பொய்யா சொன்னோம்?" என்றாள் வேலம்மா. கேட்டுவிட்டு அவளே யோசித்தாள். பொய்தானே சொன்னார்கள்? அன்பாகச் சொன்ன பொய்க்கு வேறு பெயர் ஏதும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் இங்க வாழவே இல்ல ஆன்ட்டி. ஹோட்டல்ல தங்குன மாதிரி தங்கிட்டுப் போயிருக்கேன். நீங்க என்னை ஒரு நாள்கூட வாழ விடல."

அந்தப் பெண் குற்றம் சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. ஆனாலும் வேலம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. யாரைத் திட்டுவது? இந்தப் பிள்ளையையா? அது சண்டை போட்டுத் தோற்றுப்போய் வந்திருக்கிறது. தாஹிராவையா? அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதே இல்லை. பெரியவரையா? அவர் கேட்ட கேள்வி ஒன்றில்கூடத் தப்பு இல்லை. மனசார ஒரு வசவு வைது ஆற்றிக்கொள்ளக்கூட வேலம்மாவுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாம் தன்னிடமே வந்து நின்றது. குடியிருந்து பார் என்று கூப்பிட்டதும் அவள், இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்ததும் அவள்.

"சரி, அழுவாத," என்றாள். அழுகிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

வேலை தொடங்கிய அன்று மழை இல்லை. காலையில் வீரப்பன் வீம்புக்கு லோரியைச் சந்துக்குள்ளேயே கொண்டுவந்து காயை இறக்கினான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. கம்பம் நடுவது சாயங்காலம்தான் என்றார்கள். மத்தியானம் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து அடியிலிருந்து படிப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். உளுத்துப்போனது என்று சொன்ன பலகைகள் லேசில் வரவில்லை. அவர்களும் கூலிக்காரர்கள்தான். வேலம்மாவிடம், "மாஃப் மாச்சி" என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டே நெம்பினார்கள். படி இருந்த இடம் வெறும் செம்மண் சறுக்காக ஆனதும், அடியில் வேலிக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள்.

உமரும் தாஹிராவும் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஜிஹாவும் வந்திருந்தாள். அவள் வராமல் இருந்திருக்கலாம், ஆனால் வந்து நின்றாள்.

தேயிலை வேலை விட்டுப் பெண்கள் சரிவின் உச்சியில் வந்து நின்றபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. கூடையும் கையுமாக வரிசையாக நின்று கீழே பார்த்தார்கள்.

"வேலம்மா! கோபிஸ் இருக்கா?" மணியம்மாவின் குரல் மேலேயிருந்து வந்தது.

"இருக்குடி!"

"எப்படி எறங்கறது?"

வேலம்மா ஒரு கோபிஸை எடுத்து, வேலிக்கு மேலே, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து எறிந்தாள். அது சரிவில் பாதி தூரம் போய் ஒரு தேயிலைச் செடியில் மோதி, உருண்டு, வேலிக்கு அந்தப் பக்கமே வந்து கிடந்தது. இன்னொன்றை எறிந்தாள். அதுவும் அங்கேயேதான் வந்து நின்றது. நஜிஹா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க ஆன்ட்டி. ப்ளீஸ்."

"ரோட்டால வாங்கடி!" என்று வேலம்மா மேலே பார்த்துக் கத்தினாள். "பேக்டரியத் தாண்டி, வளைவு சுத்தி, டவுன் முன்னால வந்து..." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, அந்தத் தூரம் தன் வாய்க்கே அலுத்துப்போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

மேலே பெண்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தன் காலைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். இன்னொருத்தி கூடையை இடுப்பு மாற்றினாள்.

"வேணாம் வேலம்மா," என்றாள் மணியம்மா. "வீட்டுல பருப்பு இருக்கு, இன்னைக்கு அத வச்சுப் பாத்துக்கறோம். நீ மனசுல ஒன்னும் வச்சுக்காத, என்ன?"

ஒவ்வொருத்தியாகத் திரும்பி லயத்துப் பக்கம் நடந்தார்கள். சரிவின் உச்சி காலியானது. வேலம்மா கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது ஒருத்தி மனசு மாறித் திரும்பி வருவாள் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு சாக்கை உதறிச் சுருட்டிக்கொண்டு, லோரிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்ற வீரப்பனிடம் போனாள்.

"வீரப்பா, நாளையிலேர்ந்து எனக்குக் காய் எறக்காத," என்றாள்.